சிநேகிதிக்கு: எங்கள் வீட்டுக் கல்யாணமும் உன் மகளின் கேள்வியும்

நாசரேத்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சிநேகிதிக்கு,

ஸ்தோத்திரம். ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே நீயும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசிக்கொள்கிறோம் என்றாலும் நீ உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதற்குப் பதிலும் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று இருந்தேன். கல்யாண வேலையில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

ஆமாம், மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண்ணுக்கு முதலூர்ப் பக்கம். நர்சிங் படித்துவிட்டுத் திருநெல்வேலியில் வேலை பார்க்கிறாள். அவள் தாத்தா காலம் வரை பனைத்தொழில். இப்போது அப்பா கொஞ்சம் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிறார். நல்ல பிள்ளை. பேச்சு கம்மி, பாட்டு நிறைய.

இந்தச் சம்பந்தம் பேசி முடிப்பதற்குள் நடந்ததை உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். தரகர் முதல் நாளே கேட்டது, “எத்தனை பவுன் எதிர்பார்க்கிறீங்க?” ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்றோம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “சரி, அவங்க இஷ்டப்படி போடுறதைப் போடட்டும்னு சொல்லிடவா?” என்றார். அப்படியும் சொல்லக் கூடாது என்றார் என் வீட்டுக்காரர். பெண்ணைப் பெற்றவர்களின் இஷ்டம் என்று விட்டுவிட்டால், ஊர் என்ன சொல்லும் என்று பயந்தே அவர்கள் இருக்கிற வயலை விற்றுவிடுவார்கள். நம் பக்கத்தில் இதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்! அதனால் நகை வேண்டாம், ரொக்கம் வேண்டாம், சீர் பாத்திரம், கட்டில், பீரோ எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினோம்.

அப்புறம்தான் பிரச்சினையே வந்தது. எங்கள் சொந்தக்காரர்கள், “பையனுக்கு ஏதும் சீக்கா?” என்று கேட்டார்கள். பெண் வீட்டார் இங்கே ஆள் விட்டு, பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஏதும் ஆகியிருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்பதுதான் வழக்கம் என்று ஆகிப்போன ஊரில், கேட்காதவனைப் பார்த்தால் பயம் வரத்தானே செய்யும்? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. நீயும் நானும் பிறக்கும் முன்பே வந்த சட்டம். இன்றைக்கும் அதன்படி நடக்கிறவன்தான் சந்தேகத்துக்கு ஆளாகிறான். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தடை ஏதும் உண்டானால் சொல்லலாம் என்கிறார்கள். பவுன் கணக்கு ஒத்துவராமல் நின்றுபோன கல்யாணங்கள் அந்த ஓலை வரைக்கும் வருவதே இல்லை.

கடைசியில் பெண்ணின் அப்பா தாமே நேரில் வந்தார். கையில் தோட்டத்துப் பத்திரம். அடகு வைக்க ஏற்பாடு செய்திருந்தாராம். என் வீட்டுக்காரர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “அம்மா, நாளைக்கு என் பிள்ளையை யாரும் இதை வச்சுக் குத்திக்காட்ட மாட்டீங்களே?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பத்திரம் போகிறதை விட, பிள்ளை வெறுங்கையோடு வந்தாள் என்று பேச்சு வாங்குவாளோ என்பதுதான் அந்த மனுஷனுக்குப் பயம். நான் இருக்கிறவரை அந்தப் பேச்சு இந்த வீட்டில் வராது என்று சொன்னேன். அதைக் கடைசிவரை காப்பாற்ற ஆண்டவர் உதவி செய்ய வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். என் நாத்தனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் மகளுக்கு அவர்கள் போட்டது பெரிய கணக்கு, அதனால் எங்கள் முடிவு தன்னைக் குத்துவதாக நினைக்கிறாள். அதுவும் எனக்குப் புரிகிறது.

ஆனால் அன்று இரவு எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கடை கட்டிவிட்டு வந்தவர் தாமாகவே கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நெடுநேரம் பாடினோம்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் மகள் கேட்டதை எழுதியிருந்தாய்: “தேவனுக்குப் பயந்து நடக்கிறோம்னு சொல்றவங்க முகத்தில ஏம்மா சிரிப்பே இல்லை?” உனக்கு அது வருத்தமாக இருந்தது என்கிறாய். எனக்கு அந்தப் பிள்ளைமேல் மரியாதைதான் வந்தது. கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் “வாயை மூடு, வேதத்தை வாசி” என்று சொல்லித்தான் எத்தனையோ பிள்ளைகளைக் கோயிலுக்கு வெளியே அனுப்பிவிட்டோம்.

நமக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்ததை நினைத்துப் பார். உலகத்தை நேசிக்காதே என்றால் என்ன அர்த்தம்? சினிமா பார்க்காதே, பூ வைக்காதே, பவுடர் கூடப் போடாதே. ஏளா, நாம் அதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தோமே! ஆனால் உலகம் கோயிலின் முன்வாசல் வழியாகவே நம்மோடு வந்து நம் வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டது. கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு வருகிறவளுக்கு முன்வரிசை. சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதலில் சாதி, அப்புறம் பவுன், அதற்கும் அப்புறம்தான் பெண்ணின் பக்தி. சபை நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தல் வந்தால் ஒரே அப்பத்தில் பங்கு வாங்கினவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. இப்போது ‘ஆசீர்வாதக் கூட்டம்’ என்று போடுகிற போஸ்டர்களில் கார் வரும், வீடு வரும், வெளிநாடு வரும் என்றுதான் இருக்கிறது. பூ வைப்பவளைக் கண்டித்த நாம் இதையெல்லாம் கண்டிக்கவில்லை. சந்தோஷம் எங்கிருந்து வரும்? சின்னச் சின்ன ஆசைகளை விட்டுவிட்டு, பெரிய ஆசைகளை வைத்துக்கொண்டால் முகம் இறுகத்தான் செய்யும்.

முதலூர்ச் சம்பந்தம் என்பதால் அந்த ஊர்க் கதை அடிக்கடி மனசில் வருகிறது. கிறிஸ்தவர்களானதற்காக அடித்துத் துரத்தப்பட்ட சில குடும்பங்களுக்காக 1799இல் உண்டான ஊர் அது. இந்தச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று உண்டான முதல் ஊர் என்பதால்தான் முதலூர். உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் அவர்களைக் கூட்டிச் சேர்த்தார். மணல் காடும் பனையும்தான் இருந்தன. இருந்த வீட்டையும் பொருளையும் விட்டுவிட்டு வந்தவர்கள், வந்த இடத்தில் முதலில் ஜெபம் பண்ண ஓர் இடம் கட்டினார்கள். இன்றைக்கு முதலூர் என்றால் எல்லோரும் மஸ்கோத் அல்வாவைத்தான் சொல்கிறார்கள். அல்வா நல்ல அல்வாதான், உனக்கும் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அப்படி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களின் பேரன் பேத்திகள்தானே நாம்? நம் கல்யாணப் பேச்சில் பவுன் எப்படி வந்தது?

இன்னொரு ஆளையும் உன் மகளுக்குச் சொல். டோனாவூருக்கு நாம் விடுதிப் பிள்ளைகளாகப் போனபோது அங்கே ஊழியம் செய்த மிஷனெரி எமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி நிறையச் சொன்னார்கள். பொன்னம்மாளைப் பற்றி அவ்வளவாகச் சொல்லவில்லை. அம்மையாரோடு ஊர் ஊராகப் போய் சுவிசேஷம் சொன்ன நம்மூர்ப் பெண்கள் குழு ஒன்று இருந்தது. அதில் பொன்னம்மாள் ஓர் இளம் விதவை. ஒருநாள் ஒரு சின்னப் பிள்ளை தன் அம்மாவிடம், பெரியவளானதும் நானும் அந்தக் கூட்டத்தில் சேருவேன், அந்த அக்கா மாதிரி நகை போட்டுக்கொள்வேன் என்று சொன்னது பொன்னம்மாள் காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான், நகைகளைக் கழற்றிவிட்டாள். அந்தக் காலத்தில் காதும் கழுத்தும் வெறுமையாக ஒரு பெண் நடப்பது குடும்பத்துக்கே அவமானம். ஆனாலும் கூட இருந்த மற்றப் பெண்களும் கழற்றினார்கள். 1901இல் இந்துக் கோயிலுக்குத் தேவதாசியாக விடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அம்மையாரிடம் சேர்ந்தாள். அதற்குப் பிறகு குழந்தைகள் ஒவ்வொருவராக வர, டோனாவூர் ஒரு பெரிய வீடானது. அந்தப் பச்சைக் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவர்களில் முக்கியமானவள் பொன்னம்மாள். 1915இல் புற்றுநோயால் இறந்தாள்.

நகையைக் கழற்றச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை, பார். ஒரு குழந்தை தன்னைப் பார்த்துத் தவறானதை ஆசைப்படுகிறதே என்றுதான் கழற்றினாள். ஒரு குழந்தைக்காக விட்டாள், அப்புறம் அவள் மடி நிறையக் குழந்தைகள். நான் பார்த்தவரை, இன்னொருவருக்காக ஒன்றை விடுகிறவர்களின் முகம் மலர்ந்திருக்கிறது. தன் பக்தியைக் காட்ட விடுகிறவர்களின் முகம்தான் உன் மகள் பார்த்த முகம். அவளிடம் இதை என் பதிலாகவே சொல்.

அம்மையாரும் அப்படித்தான். 1931இல் குழியில் விழுந்து கால் உடைந்த பிறகு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்தான். வலியில்லாத நாள் குறைவு. ஆனாலும் அங்கேயிருந்து எழுதிக்கொண்டும், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டும் இருந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்றதால் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள். நீ அதன் பக்கத்தில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றாய், ஞாபகம் இருக்கிறதா?

எங்கள் பலசரக்குக் கடையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நடக்கிறது. பீடி, சிகரெட் விற்பதை இவர் நிறுத்திவிட்டார். குட்காவை 2013இல் அரசாங்கமே தடை செய்தது. அதை மறைத்து விற்கச் சொல்லி வந்தவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டார். வியாபாரத்தில் இதனால் நஷ்டமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சிகரெட்டுக்கு வருகிறவன்தான் கடலைமிட்டாயும் சோப்பும் வாங்கிப் போவான், அந்த ஆள் இப்போது எதிர்க்கடைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பதில்லை. கல்யாணச் செலவுக்குக் கை இறுக்கமாகத்தான் இருக்கிறது, அதனால் பந்தலும் சமையலும் சின்னதாகத்தான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் கடையில் நிற்கும்போது இவர் மனசு உறுத்தாமல் அவர்களோடு பேசுகிறார். போதுமென்கிற மனதோடு கூடிய தேவபக்தி பெரிய ஆதாயம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினதை இவர் கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறார். மாத முடிவில் கணக்குப் பார்க்கும்போது எனக்கு அந்த வசனம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை நம்புகிறேன்.

உன் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் வேலை வருகிறது, கோயிலுக்கு வருவதில்லை என்று அழுதிருக்கிறாய். அவனைத் திட்டாதே. கம்பெனி விடாதபோது அவன் என்ன செய்வான்? வேலை முடிந்து அவன் எத்தனை மணிக்கு வந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சங்கீதம், ஒரு சின்ன ஜெபம், அவ்வளவு போதும். அந்த நேரத்துக்கு எல்லோருடைய போனும், உன்னுடையதும் சேர்த்துத்தான், வேறு அறையில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு எல்லாப் போனும் அரிசிப்பானை மூடிமேல் போய்விடும். முதலில் எல்லோருக்கும் கை பரபரத்தது, என் வீட்டுக்காரருக்குத்தான் அதிகம். இப்போது அந்த நேரத்தில்தான் மகன் வாய் திறந்து பேசுகிறான். முதலூர்ப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் அப்போதுதான்.

அந்தப் பானையிலிருந்து என் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துத் தனியே வைப்பாள். அது ஊழியத்துக்கு. 1903இல் தொடங்கி, நம் ஆட்களே பணம் போட்டு, நம் ஆட்களையே அனுப்பி, தெலுங்கு நாட்டில் டோர்னக்கல் வரை ஊழியம் நடத்தின இந்திய மிஷனெரி சங்கத்துக்கு இந்த மாதிரி வீடுகளிலிருந்துதானே காணிக்கை போயிருக்கும்? வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் ஆச்சி அந்தக் கையை நிறுத்தினதில்லை. மருமகள் வந்ததும் இந்தப் பழக்கத்தைத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன், அவளுக்கும் இஷ்டமிருந்தால்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. அந்த ஞாயிறு எங்கள் சபைச் சேகரத்தில் அசனப் பண்டிகையும், அதாவது ஊர் விருந்தும், வருகிறது. மகளையும் கட்டாயம் கூட்டிவா. பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் கொதிக்க, ஊரே ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும். பரிமாற ஆள் எப்போதும் பத்தாது, அவள் கையில் ஒரு வாளியைக் கொடுத்துவிடுகிறேன். செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்தால் நாசரேத்திலேயே இறங்கலாம், ஸ்டேஷனுக்கு மகனை அனுப்புகிறேன். கழுத்துக்கு எதுவும் இரவல் வாங்கிக்கொண்டு வராதே, நானும் வெறும் செயினோடுதான் நிற்கப்போகிறேன். டிக்கெட் கிடைத்ததும் போன் போடு, ஏழு மணிக்கு மட்டும் வேண்டாம்.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம்.

ஆண்டவருடைய அன்பில்,
உன் விடுதிச் சிநேகிதி