கேம்ப் முடிஞ்சா எழுதி எடுத்துட்டுப் போனத ஊருக்குத் திருப்பிக் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

காலேஜ் பசங்களோட கிராம முகாம் பத்தி ரொம்ப நாளா மனசுல இருக்கறத எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கோங்க. பசங்க ஊருக்குள்ள போறாங்க, வீடு வீடா கேள்வி கேட்டு எழுதறாங்க, ஆனா அது அந்த ஊருக்குத் திரும்பி வர்றதே இல்ல. இது மாறணும், அவ்வளவுதான் நான் சொல்ல வர்றது.

நான் படிச்சது காந்திகிராம். அம்பாத்துறை ஸ்டேஷன் பக்கம், சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டிய ஒட்டி, சிறுமலை அடிவாரத்துல இருக்கற சின்ன பல்கலைக்கழகம். 2022 நவம்பர்ல பிரதமர் பட்டமளிப்பு விழாவுக்கு வந்து இளையராஜாவுக்கும் உமையாள்புரம் சிவராமனுக்கும் டாக்டர் பட்டம் குடுத்தப்பதான் நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது. டிவிஎஸ் குடும்பத்துப் பொண்ணு டாக்டர் சௌந்தரம் அம்மாவும் அவங்க வீட்டுக்காரர் ஜி.ராமச்சந்திரனும் 1947ல காந்திகிராமத்த ஆரம்பிச்சாங்க, 1956ல அது கிராமியக் கல்வி நிலையம் ஆச்சு, 1976ல நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. வசதியான வீட்டுல பொறந்து டாக்டருக்குப் படிச்ச ஒரு அம்மா பட்டணத்துல ஆஸ்பத்திரி வைக்காம இங்க வந்து உக்காந்தாங்கன்னா அதுக்குப் பின்னாடி ஒரு நம்பிக்கை இருந்துச்சு. 1937ல வார்தாவுல காந்தி முன்வச்ச ஆதாரக் கல்வி இருக்கே, கை வேலையும் ஊர் வாழ்க்கையும் படிப்பும் ஒண்ணா இருக்கணும்னு, அந்த நம்பிக்கைதான்.

எங்களுக்கு வில்லேஜ் பிளேஸ்மென்ட்னு ஒண்ணு உண்டு, வி.பி.பி.ன்னு சொல்லுவோம். எந்த டிபார்ட்மென்டா இருந்தாலும் ஒரு ஊர்ல போய் தங்கணும், படிப்போட சேர்ந்த விஷயம், சும்மா விருப்பப்பட்டா போறது இல்ல. ஸ்கூல் கட்டடத்துலயோ சமுதாயக் கூடத்துலயோ பாய விரிச்சுப் படுத்துக்கிட்டு, நாங்களே சமைச்சு சாப்பிட்டுக்கிட்டு, பைப்புல தண்ணி எப்ப வரும்னு ஊர் பொம்பளைங்களோட சேர்ந்து குடத்த வரிசையில வச்சு நிப்போம். வகுப்புல ஊரக வளர்ச்சின்னு படிச்சதெல்லாம் அந்த வரிசையில நிக்கும்போதுதான் மண்டையில ஏறுச்சு.

அதுல ஒண்ணு மட்டும் சொல்றேன். ஊர் மேப் போடணும். சார்ட் பேப்பர்ல இல்ல, மந்தையில தரையில, ஊர்க்காரங்களே கோலப்பொடியில போடணும், நாங்க கை வைக்கக் கூடாதுன்னு எங்க சார் கண்டிப்பா சொல்லிட்டாரு. பெரியவங்க நாலஞ்சு பேரு குச்சியும் பொடியும் எடுத்து கோயில், கண்மாய், ரேஷன் கடை, டேங்க்னு ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே வந்தாங்க, எல்லாம் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சப்ப ஓரமா நின்னுட்டிருந்த ஒரு அம்மா "ஏய்யா, எங்க தெரு எங்க?"ன்னு கேட்டாங்க. காலனித் தெரு மேப்லயே இல்ல. யாரும் வேணும்னு விட்ட மாதிரியும் தெரியல, அதுதான் எனக்கு இன்னும் வலிக்குது, அவங்க கண்ணுக்கு ஊருன்னா அதோட முடிஞ்சு போச்சு. அந்த அம்மா யாரையும் எதிர்பார்க்கல, பொடிய வாங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் தன்னோட தெருவப் போட்டு, வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டைய வச்சு, குழாய் எந்த இடத்தோட நின்னு போகுதுன்னு ஒரு கோடு கிழிச்சுக் காட்டினாங்க. எத்தன செமினார் கேட்டாலும் அந்த ஒரு கோடு சொன்னத யாரும் எனக்கு சொல்லிக் குடுத்திருக்க முடியாது.

அப்புறம் மாச காலண்டர் போட்டோம், எந்த மாசம் வேலை இருக்கு, எந்த மாசம் இல்ல, எந்த மாசம் வட்டிக்கு வாங்குறாங்கன்னு. ஸ்கூல் திறக்கற ஜூன் மாசத்துல, வட்டிக்கு வாங்கறதுக்குன்னு வச்ச புளியங்கொட்டை குவிஞ்சு கெடந்துச்சு.

இப்ப என் பொண்ணு ஒரு தனியார் காலேஜ்ல படிக்கிறா, பேர் வேண்டாம். ஏழு நாள் கேம்ப்னு நோட்டீஸ் வந்துச்சு. காலையில பஸ்ல கூட்டிட்டுப் போய் சாயங்காலம் கூட்டிட்டு வந்துட்டாங்க, அதுவும் ரெண்டு நாளுதான், மிச்ச நாளுக்கெல்லாம் சட்டைய மாத்திக்கிட்டு ஒரே நாள்ல போட்டோ எடுத்துட்டாங்களாம். மூடியிருந்த ஸ்கூல் வாசல்ல கூட்டினாங்க, மரக்கன்னு நட்டாங்க, ஜியோ டேக் போட்டோ எடுத்தாங்க, காலேஜுக்குத் தரம் போடற நாக் கமிட்டி வரும்போது காட்ட ஒரு ஃபைல் ரெடி. பசங்க வீடு வீடா போய் வருமானம் எவ்வளவு, கக்கூஸ் இருக்கா, யாராவது குடிக்கிறாங்களான்னு வெக்கத்த விட்டுக் கேட்டு எழுதினது எங்க போச்சுன்னு கேட்டா அவளுக்கே தெரியல. ஒரு வயசானவர் தன் பென்ஷன் நின்னு போனதப் பத்தி அரை மணி நேரம் சொன்னாராம், "சொல்லிட்டு ஆபீஸ்ல சொல்லுவியாம்மான்னு கேட்டாரு, என்னப்பா பதில் சொல்றது"ன்னு எங்கிட்ட வந்து நின்னா. எனக்கு ரொம்பக் கோவம் வந்துச்சு. அந்தப் பிள்ளைக்கு அக்கறை இருக்கு, அந்த அக்கறைய என்ன பண்றதுன்னு சொல்லிக் குடுக்கத்தான் அங்க ஆள் இல்ல.

காலேஜ்ல இந்த மாதிரி கேம்ப் நடத்தற நாட்டு நலப்பணித் திட்டம், என்.எஸ்.எஸ்.னு சொல்றது, 1969 செப்டம்பர் 24ல, காந்தி நூற்றாண்டுல 37 பல்கலைக்கழகத்துல சுமார் 40,000 மாணவர்களோட ஆரம்பிச்சது. ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சேவை, அது போக ஏழு நாள் சிறப்பு முகாம், இதெல்லாம் சும்மா சர்டிபிகேட்டுக்காக யோசிச்ச கணக்கு இல்லீங்க.

பொண்ணுங்கள ஊர்ல எப்படி ராத்திரி தங்க வைக்கிறதுன்னு பெத்தவங்க பயப்படுறது எனக்குப் புரியுது, நானும் பொண்ண பெத்தவன்தான். கக்கூஸ் இருக்கற கட்டடமா பாருங்க, லேடி ஸ்டாஃப் கூடவே தங்கட்டும், மகளிர் குழு அம்மாக்கள்கிட்ட சொல்லிட்டா அவங்க நம்ம பிள்ளைய அவங்க பிள்ளை மாதிரி பாத்துக்குவாங்க, எங்க காலத்துல அப்படித்தான் நடந்துச்சு. கம்பெனி வேலைக்குத் தயார் பண்ற பிளேஸ்மென்ட் ட்ரெயினிங் கெட்டுப் போகும்னு சொல்ற சார்களுக்கு, ஒரு கேம்ப் ஒழுங்கா நடத்தின பையன் நாலு பேர்கிட்ட பேசவும் எழுதவும் சண்டைய தீர்க்கவும் கத்துக்கிட்டுதான் வெளிய வர்றான், இன்டர்வியூல இதத்தானே கேக்கறீங்க.

கிராம சபை முன்னாடி வருஷத்துக்கு நாலு தடவ, இப்ப நம்ம மாநிலத்துல ஆறு தடவ. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கேம்ப் நடத்தின காலேஜ் அதுக்கு அடுத்து வர்ற கிராம சபைக்கு நாலு பசங்கள அனுப்பட்டும், உங்க ஊர்ல இத்தன வீட்டுக்கு குழாய் இல்ல, இத்தன பேருக்கு பென்ஷன் நின்னிருக்குன்னு படிச்சுக் காட்டட்டும், ஒரு காப்பி ஊராட்சி ஆபீஸ்ல குடுத்துட்டு வரட்டும். அடையாளம் தெரியற பேரு, கடன், குடி விஷயம் எதுவும் வெளிய வரக் கூடாது, அதையும் பசங்களுக்கு சொல்லிக் குடுக்கணும். இதுக்குப் பணம் ஒண்ணும் செலவாகாது, பஸ் காசுதான். அந்த எண்ணிக்கைய தீர்மானமாப் போட ஊர்க்காரங்களே கேப்பாங்க, அதுவரைக்கும் பசங்க கூட உக்காந்திருந்தா போதும்.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். கேம்ப் நிறைவு விழான்னு காலேஜ்ல இருந்து போட்டோவோட செய்தி வந்தா அப்படியே போட்டுடாதீங்க ஐயா. ஊராட்சித் தலைவருக்கோ அந்த ஊர் டீக்கடைக்காரருக்கோ உங்க நிருபர் ஒரு போன் போட்டு, பசங்க ராத்திரி தங்கினாங்களா, காலனிப் பக்கம் போனாங்களா, சர்வே எடுத்தத உங்களுக்குக் காட்டினாங்களான்னு மூணு கேள்வி கேட்டு அந்த பதிலையும் சேத்து போடுங்க. நல்லா நடத்தின காலேஜ் இருந்தா அதுக்கு பாதிப் பக்கம்கூட குடுங்க.

இப்படிக்கு,
காந்திகிராம முன்னாள் மாணவன்,
திண்டுக்கல் மாவட்டம்.