கிளார்க்சனை உள்நாட்டு வீரராக ஏற்றுக்கொள்ளுங்கள்: ஃபிபாவுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸின் தேசியக் கூடைப்பந்து அணியான கில்லாஸ் அறிவிக்கப்படும்போதெல்லாம் அதே கேள்விதான்: பிரவுன்லீயா, கிளார்க்சனா? இருவரும் சேர்ந்து ஆட உங்கள் விதி விடுவதில்லை. 16 வயதுக்குள் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுக்காவிட்டால் பிற்பாடு குடியுரிமை பெற்றவர் கணக்கு, அப்படிப்பட்டவர் அணிக்கு ஒருவர்தான். உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

ஜஸ்டின் பிரவுன்லீ அமெரிக்கர். 2023 ஜனவரியில் தனிச் சட்டம் போட்டு பிலிப்பைன்ஸ் அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. அந்த ஓர் இடம் அவருக்கு என்றால் நியாயம். ஜோர்டன் கிளார்க்சனின் அம்மா வழிப் பாட்டி பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணத்துக்காரர். கிளார்க்சனையும் அதே இடத்தில் நிறுத்துவது எப்படிச் சரியாகும்?

என்னை உறுத்துவது அந்த 16 வயதுதான். டெக்சாஸில் வளர்கிற பையன், பிறந்ததும் அமெரிக்காவில். அவனுக்குப் பாட்டி ஊர்ப் பாஸ்போர்ட் வேண்டும் என்று வீட்டில் யாருக்குத் தோன்றும்? பழைய சான்றிதழ்களைத் தேட வேண்டும், வேலைக்கு லீவு போட்டுத் தூதரகத்துக்கு அலைய வேண்டும். வெளிநாட்டில் பிழைக்கப் போன குடும்பங்கள் இதையெல்லாம் அவசியம் வந்தால்தான் செய்யும். பிள்ளை ஒருநாள் நாட்டுக்காக ஆடுவான் என்று 15 வயதிலேயே எந்த அம்மாவுக்குத் தெரியும்? அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணிகள் 2014இல் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது கிளார்க்சன் 46ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். 22 வயதில் அவரைத் தேர்வாளர்களாலேயே சரியாகக் கணிக்க முடியவில்லை.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தொடக்க விழாவில் பிலிப்பைன்ஸ் கொடியை ஏந்தி வந்தவர் அவர். 2023 உலகக் கோப்பையின் முதல் நாள், பிலிப்பைன் அரீனாவில் அவர் ஆடியதைப் பார்க்க 38,115 பேர் திரண்டார்கள். முதல் நான்கு ஆட்டங்களும் தோல்வி. அப்புறம் கடைசியில் சீனாவுக்கு எதிராக அவர் எடுத்த 34 புள்ளிகளை அந்த ஊர் இன்னும் பேசுகிறது. அவரை வெளியிலிருந்து வந்தவர் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

பணம் கொடுத்து ஆட்களை இறக்கும் நாடுகளைத் தடுக்கத்தான் இந்த விதி என்பது புரிகிறது. ஆனால் அடி விழுவது புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள்மீது. போதாததற்கு, தகுதிச் சுற்று ஆட்டங்களை நவம்பரிலும் பிப்ரவரியிலும், என்பிஏ பருவத்துக்கு நடுவே வைக்கிறீர்கள். அதனால் கிளார்க்சன் போன்றவர்கள் நாட்டுக்கு ஆடக் கிடைப்பதே கோடையில் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களிலும் இந்த விதி குறுக்கே நிற்கிறது.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். வம்சாவளியால் உரிமை உள்ளவரை, பாஸ்போர்ட் எப்போது கைக்கு வந்தாலும், உள்நாட்டு வீரராகவே கணக்கிடுங்கள். விதியை மாற்ற நாளாகும் என்றால், பொதுச் செயலாளர் தமக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு கிளார்க்சன் விஷயத்தையாவது மறுபடி பரிசீலிக்க வேண்டும். அவர் முப்பதைத் தாண்டிவிட்டார். தயவுசெய்து சீக்கிரம் முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
கில்லாஸ் ரசிகன் ஒருவன்