பதினோராம் நாளில் துணை நின்றவர்களுக்கு

மொரீசியஸில் போர்ட் லூயி, ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன் பக்கத்து உறவுகளுக்கும், முகம் மட்டும் தெரிந்த நல்ல மனிதர்களுக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடி முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. பத்து நாள் விரதம் தொடங்கும் கொடியேற்றத்தன்று சிகரெட்டை விட்டவர்களில் சிலர் இன்றுவரை அதைத் தொடவில்லை. அவர்களுக்குத் துணை நிற்பவர்கள் நாங்கள். ஆனால் பாதி வேலையைச் செய்தது நீங்கள்தான். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

விரத நாட்களில் புகையை நிறுத்துவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. இறைச்சி, மது, சிகரெட் மூன்றும் ஒரே நாளில் வீட்டை விட்டு வெளியேறும். நீட்டுகிற கையும் இருக்காது. நிக்கோடின் நின்றதும் வரும் எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் 2, 3 நாட்களில்தான் உச்சத்துக்குப் போகும் என்பதால், மோசமான கட்டம் விரதத்துக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. ஆனால் முழுக்கத் தணிய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். பத்து நாளில் விரதம் முடிகிறது, உடம்பின் கேள்வி முடிவதில்லை. காவடி இறக்கி, வாழையிலையில் ஏழு கறி சாப்பிட்டு எழுந்ததும் பழைய ஞாபகம் விரலுக்கு வருகிறது. சாப்பாட்டுக்குப் பின் வரும் ஆசை பலருக்கும் பலமானது. வருஷா வருஷம் பலர் வழுக்கி விழுவது இங்கேதான்.

அதனால் முதல் நன்றி கோயில் சமையற்கட்டுக்கு. பந்தி முடிந்த கையோடு, "தம்பி, இந்த அண்டாவை ஒரு கை பிடி" என்று கூப்பிட்டு வேலை கொடுத்தீர்களே, அது பெரிய வைத்தியம். ஒரு தடவை எழும் ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே இறங்கிவிடும். அந்த நேரத்துக்கு இரண்டு கையும் ஈரமாக, சாம்பலும் நாருமாக இருந்தால் போதும்.

அடுத்து, மூலையில் தபாஜி, அதாவது சிகரெட்டும் சில்லறைச் சாமானும் விற்கும் சிறுகடை, வைத்திருக்கும் அக்காவுக்கு. வழக்கமாக வாங்குகிறவர் வந்து நின்றதும் பெட்டியை எடுக்காமல், வேர்க்கடலைப் பொட்டலத்தை முன்னால் தள்ளி, "உரிச்சுக்கிட்டே பேசு" என்றீர்களாம். வாய்க்கும் விரலுக்கும் ஒரே நேரத்தில் வேலை. சிகரெட் விற்றுப் பிழைக்கும் கடையில் இருந்துகொண்டு இதைச் செய்ய மனசு வேண்டும். ஒற்றைச் சிகரெட் விற்க நம் நாட்டில் தடை இருக்கிறது. அந்தத் தடையை நீங்கள் உண்மையாகவே மதிப்பதால் எத்தனை பேர் தப்பினார்கள் என்பது உங்களுக்கே தெரியாது. "ஒன்றே ஒன்று" என்றுதான் எல்லாம் மறுபடி தொடங்குகிறது.

மருந்துக் கடைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். புகையை விட உதவும் நிக்கோடின் சூயிங்கம் வாங்கிப் போகிறவர்களில் பலர் அதைச் சாதாரண மிட்டாய் போல மென்று தள்ளுகிறார்கள். எச்சிலோடு நிக்கோடின் வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும். பிறகு "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று தூக்கிப் போடுவார்கள். நீங்கள் கவுண்டரில் நின்று பொறுமையாகச் செய்து காட்டினீர்கள்: மெதுவாக மெல்லுங்கள், காரமாகச் சுர்ரென்று வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள், சுர்ரென்பது போனதும் மறுபடி மெல்லுங்கள், ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். காலையில் கண் விழித்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைத்தவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, ஒரு நாளில் 24-க்கு மேல் கூடாது. மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காப்பி, பழச்சாறு, சோடா கிடையாது. புளிப்புத்தன்மை நிக்கோடினை வாய்க்குள் உறிஞ்ச விடாது.

வாயில் எதையும் வைக்க விரும்பாத காவடிக்காரர்களுக்கு தோலில் ஒட்டும் நிக்கோடின் ஒட்டுப்பட்டை (பேட்ச்) எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் புகைத்தவருக்கு 21 மில்லிகிராமில் தொடங்கி 6 வாரம், பிறகு 14-ல் 2 வாரம், 7-ல் 2 வாரம். நம் தைப்பூசம் கொளுத்தும் கோடையில் வருவதால் வியர்வையில் பட்டை கழன்று போகிறது. எண்ணெயோ திருநீறோ படாத, முடியில்லாத இடத்தில், துடைத்து உலர்த்தி, பத்து விநாடி உள்ளங்கையால் அழுத்த வேண்டும். தினமும் இடம் மாற்ற வேண்டும். கெட்ட கனவு வந்தால் படுக்கும்முன் எடுத்துவிடலாம்.

வேலை இடத்தில் டீ போட்டுத் தரும் அம்மாவுக்கும் நன்றி. புகையை விட்டவர் படபடக்கிறார், தூங்கவில்லை என்றதும் கோப்பையைப் பாதியாக்கினீர்கள். அது சரியான கை. சிகரெட் புகை ஈரலைத் தூண்டி, காப்பி, டீயில் உள்ள கஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கும். புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு டீ இரண்டு மடங்காக வேலை செய்யும். பலர் இதை நிக்கோடின் ஏக்கம் என்று நினைத்து மறுபடி பற்றவைக்கிறார்கள். சில மருந்துகளுக்கும் இதே கணக்கு. மனநல மருந்தோ ஆஸ்துமா மருந்தோ சாப்பிடுகிறவர், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம்.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருமுகிறவரைப் பார்த்து முகம் சுளிக்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. விட்ட பிறகு சில வாரம் இருமல் கூடுவது நுரையீரல் தன்னைத் துடைத்துக்கொள்வதால்தான்.

சட்டமும் நமக்குத் துணைதான். 2009-ல் பொது இடத் தடையும் பெட்டியில் எச்சரிக்கைப் படமும் வந்தன. புகையிலைக்கு எதிராக உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிமுறைகள் அத்தனையையும் முழு அளவில் நிறைவேற்றிய முதல் ஆப்பிரிக்க நாடு மொரீசியஸ் என்று 2023-ல் அந்நிறுவனமே அறிவித்தது. ஆனால் மழையில் பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்கிறவரிடம் நெருப்பு கேட்டு, "அண்ணே, விட்டுட்டீங்கன்னு சொன்னாங்களே" என்ற ஒரே பேச்சில் திரும்பிப் போகிறவரை எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை.

மூன்றாம் வாரத்தில் ஒன்றைப் பிடித்துவிட்டு வெட்கத்தோடு வந்தவரிடம், "மீதியைத் தண்ணியில் நனைச்சுப் போடு, சூயிங்கத்தை நிறுத்தாதே" என்று சொன்ன பெரியவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஒன்று பிடித்தால் எல்லாம் போயிற்று என்ற நினைப்புதான் அடுத்த பெட்டியை வாங்க வைக்கிறது. எங்கே, யாரோடு, எதற்குப் பிறகு அந்த ஒன்றைப் பிடித்தார் என்று கேட்டு, அந்த வேளைக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். பெரும்பாலானோர் பல தடவை முயன்ற பிறகே முழுதாக விடுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள் மீதம் இருக்கிறது. சூயிங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த 12 வாரம் ஆகும். அது வருஷப்பிறப்பையும் தாண்டும். அன்று விருந்துக்கு அழைக்கிறவர்கள் மேசையில் சாம்பல் தட்டு வைக்காதீர்கள். கன்னத்தில் எதையோ ஒதுக்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால், "இன்னுமா இதை மெல்றே?" என்று கேட்க வேண்டாம். பழச்சாறு நீட்டாமல் தண்ணீர் கொடுங்கள்.