பாப்பாவுக்கு, அரிசி எடைபோட்ட அப்பா எழுதுவது

பாப்பா,

தீபாவளிக்கு வந்தபோது இலைக்கு முன்னால் உட்கார்ந்து நீயும் பெரியப்பாவும் போட்ட சண்டை இன்னும் என் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கட்டுகிற வரியில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது, பேசாமல் தலைக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் பணமாகக் கொடுத்துவிட்டு ரேஷன், இலவச பஸ் எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்றாய். அது முதலாளிகளின் தந்திரம், கூலியை ஏற்றாமல் தப்பிக்கச் சர்க்காரை விட்டு ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்வார்கள் என்று பெரியப்பா கத்தினார். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை அப்படி. இப்போது அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த "நான் கட்டுகிற வரி". நீ கட்டுகிறாய், நிறையவே கட்டுகிறாய், எனக்குப் பெருமைதான். ஆனால் நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. குளியல் சோப்புக்கும் அதே 18தான் இருந்தது, 2025 செப்டம்பரில்தான் 5 ஆனது. அவருடைய மகன் வண்டிக்குப் போடும் பெட்ரோலில் மத்திய வரி ஒரு பக்கம், மாநில வரி ஒரு பக்கம். சம்பளச் சீட்டில் பிடிப்பதால் உன் வரி உன் கண்ணுக்குத் தெரிகிறது. அவருடையது சோப்பு உறைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் ரேஷன் கடை விஷயம். 31 வருடம் நான் தராசுக்குப் பின்னால் நின்றவன். கிலோ இரண்டு ரூபாய் அரிசி, 2008இல் ஒரு ரூபாய் அரிசி, 2011 ஜூனிலிருந்து இலவச அரிசி, மூன்றையும் இந்தக் கையால்தான் அளந்து போட்டேன். 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று கார்டுகளைப் பிரிக்கச் சொன்னபோது, நம் தமிழ்நாடு எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. இடையில் ஒரு கூத்து நடந்தது, நீ அப்போது சின்னப் பிள்ளை. மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் என்றால் கார்டில் 'எச்' முத்திரை, பொருள் கிடையாது. அந்த முத்திரையைக் குத்துகிற அதிகாரம் எனக்கு இல்லவே இல்லை. ஆனாலும் அந்தக் காலத்தில்தான் எனக்கு ஊரில் மரியாதை கூடியது! தையல்கடைக்காரர் ஒருவர் வாழைத்தார் ஒன்றைக் கொண்டுவந்து நம் வாசலில் இறக்கிவிட்டு, "சார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். நல்ல மாதத்தில் 5,500 வரும், மழை மாதத்தில் 2,000கூட வராது, அவரைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிறுத்துவது? தாரைத் திருப்பி அனுப்பினேன். ஆனால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் அனுப்பினேன், அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். 2004இல் அந்த முத்திரை போனபோது அந்த மரியாதையும் போனது, நிம்மதியாகத் தூங்கினேன்.

2023இல் தமிழக அரசு பெண்களுக்கு மாதம் ஆயிரம் என்று ஆரம்பித்ததே, அதிலும் கோடு போட்டார்கள்: ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், வருடத்துக்கு 3,600 யூனிட் கரண்ட், இப்படி. பின்வீட்டு அத்தையும் குடித்தனக்காரரும் ஒரே மீட்டரில் இருக்கிறார்கள். குடித்தனக்காரர் ஏசி வைத்திருக்கிறார். அத்தை பில்லைப் பார்த்துப் பயந்துபோய் விண்ணப்பமே போடவில்லை. நான் சொல்லியும் கேட்கவில்லை. கேட்டால், "போட்டு இல்லைன்னு சொல்லிட்டா அசிங்கம்" என்கிறார்.

அதனால் எல்லோருக்கும் கொடு என்று நீ சொன்னாயே, அதில் நான் உன் கட்சி. பணக்காரனுக்கும் எதற்கு என்று பெரியப்பா கேட்டதற்கு என் பதில், கொடுக்கிற ஜன்னலில் கோடு போடாதே, வசூல் பண்ணுகிற ஜன்னலில் போடு என்பதுதான். உனக்கும் ஆயிரம் வரட்டும், உன் வரியில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். கடையிலாவது பரவாயில்லை, வசதியானவர்கள் சர்க்கரை கார்டோ பொருளில்லா கார்டோ வாங்கிக்கொண்டு தானாகவே ஒதுங்கிவிடுவார்கள், நகைக்கடைக்காரர் புழுங்கல் அரிசிக்கு வரிசையில் நிற்க மாட்டார். பணம் அப்படியா? வங்கியில் விழுந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தாயா? நூறு கோடிப் பேருக்கு மாதம் ஆயிரம் என்று வைத்தால் வருடத்துக்கு 12 லட்சம் கோடி. 2025-26க்கு மத்திய அரசு தனிநபர் வருமான வரியில் எதிர்பார்த்ததே 14 லட்சம் கோடிக்குச் சற்று மேல்தான். ஏறக்குறைய அத்தனையும் இதற்கே போய்விடும். அதனால்தான் உங்கள் ஆட்கள் ரேஷனை மூடிவிட்டு அந்தக் காசில் கொடு என்கிறார்கள். வசூல் ஜன்னலில் இருக்கும் ஓட்டைகளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பெரிய சொத்துக்காரர்கள் மத்திய அரசுக்குக் கட்டின செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். அப்பன் சொத்து பிள்ளைக்குப் போகும்போது இருந்த வரி 1985லேயே போனது. 2019இல் கம்பெனிகளின் வரியை 30இலிருந்து 22 ஆக்கினார்கள். பெரியப்பா இதைச் சொன்னால் நான் கைதட்டுவேன். அவர் 1970களுக்கே திரும்பிப் போக வேண்டும் என்கிறார், அங்கேதான் எனக்கு உதைக்கிறது. 1973இல் மேல்தட்டு வருமானத்துக்கு 97.75 சதவீதம் வரி, நூறில் இரண்டேகால் ரூபாய்தான் மிச்சம். யார் கணக்குக் காட்டுவான்?

பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள், குடித்துவிடுவார்கள் என்று நீ சொன்னது எனக்குக் கொஞ்சம் வலித்தது. 2011-12இல் மத்தியப் பிரதேசத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து சில கிராமங்களில் நிபந்தனையே இல்லாமல் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100 ரூபாய் கொடுத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் வேலையைக் கூட்டித்தான் செய்தார்கள், குடிச் செலவு ஏறவில்லை.

அப்படியிருந்தும் அரிசியை நிறுத்திவிட்டுப் பணம் கொடு என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆயிரம் ரூபாய் வருடா வருடம் இளைக்கும். 20 கிலோ அரிசி எந்த வருடமும் 20 கிலோதான், தராசு சரியாக இருந்தால்!

சரி, ஒரு வேலை இருக்கிறது. உன் பெயர் இன்னும் நம் கார்டில்தான் இருக்கிறது. குடும்பத்தில் எல்லோரும் கைரேகை வைக்க வேண்டும் என்று சொல்லி உன்னுடையதுதான் பாக்கி நிற்கிறது. நீக்கிவிடலாம் என்றேன், உன் அம்மா விடமாட்டேன் என்கிறாள். பொங்கலுக்கு வரும்போது கடைக்கு வந்து விரலை வைத்துவிட்டுப் போ. வரிசையில் நின்றுதான் வைக்க வேண்டும், முன்னாள் கடைக்காரர் மகள் என்று முன்னால் போகாதே.

அப்பா