பீட்டரை எங்கே எழுதுவது?

அன்புள்ள மகளுக்கு,

பாப்பா பள்ளிக்கூடத்துக்காக வரைந்த வம்சாவளிப் படம் கிடைத்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் காட்டப் போய்விட்டாள். தன் பள்ளிக்குப் பெயர் கொடுத்த பிலிப் சிம்மன்ஸ் ஒரு கொல்லர் என்று தெரிந்ததும் அவருடைய குடும்பத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று பாப்பாவுக்குத் தோன்றியிருக்கிறதே, அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஒரு இடத்தை மட்டும் திருத்தச் சொல். பிலிப் சிம்மன்ஸுக்கு மேலே, தாத்தா கட்டத்தில், பீட்டர் சிம்மன்ஸ் என்று எழுதியிருக்கிறாள். பீட்டர் அவருக்குத் தாத்தா இல்லை. சொந்தமே கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர், ஒரே பட்டறை, வயதும் தாத்தா பேரன் அளவுக்கு வித்தியாசம். பார்க்கிற யாருக்கும் கோடு போட்டு இணைக்கத்தான் தோன்றும். அமெரிக்காவில் உங்கள் பக்கத்தில் சிம்மன்ஸ் என்ற பெயர் கறுப்பினக் குடும்பங்களில் ஏராளம். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவு என்று ஆகிவிடாது.

அதற்காகப் பீட்டரை அழித்துவிடவும் வேண்டாம். அவர் இல்லாமல் பிலிப்பின் கதையே இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஐ.டி.ஐ.யில் பையன்களுக்கு வெல்டிங் சொல்லிக் கொடுத்தே காலத்தைக் கழித்தவன் நான். ஒரு தொழிலாளியின் வாழ்க்கையில் கற்றுக் கொடுத்தவருக்கு என்ன இடம் என்று எனக்குத் தெரியும்.

முதலில் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிலிப் பிறந்தது 1912 ஜூன் 9, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற டேனியல் தீவில். இன்றைக்கு அங்கே பெரிய பெரிய வீடுகள். அன்றைக்குக் காய்கறித் தோட்டமும் மீன்பிடிப்பும்தான். தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். எட்டு வயது வாக்கில் படிப்புக்காகச் சார்ல்ஸ்டன் நகரத்துக்கு, அம்மாவிடம் வந்து சேர்ந்தார். பியூஸ்ட் பள்ளியில் படித்தார். ஆனால் பையனின் கண் படிப்பில் இல்லை, துறைமுகத்தை ஒட்டி இருந்த பட்டறைகளில்தான் இருந்தது. 13 வயதில், கால்ஹூன் தெரு முடிகிற இடத்தில் இருந்த பீட்டர் சிம்மன்ஸின் உலைக்களத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

பீட்டர் அடிமையாகப் பிறந்தவர். அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது அவருடைய அப்பா கை (Guy) சிம்மன்ஸ்; அவரும் அடிமைக் கொல்லர்தான். ஆக, 2009 ஜூன் 22 அன்று 97 வயதில் இறந்த ஒரு மனிதரின் கையில் இருந்த வேலை, இரண்டே படியில் அடிமைக் காலத்துக்குப் போய்விடுகிறது. கை, பீட்டர், பிலிப். எந்தப் பிறப்புச் சான்றிதழிலும் இந்த வரிசை இருக்காது.

அந்தக் கல்வி எப்படி நடக்கும் என்று பாப்பாவுக்குச் சொல். சேர்ந்த உடனே யாரும் சுத்தியலைக் கையில் கொடுக்க மாட்டார்கள். பட்டறையைக் கூட்டுவது, உலையைப் பார்த்துக்கொள்வது, லாடம் அடிக்கும்போது குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, இதுதான் முதல் பாடம். அந்த நேரமெல்லாம் கண் படித்துக்கொண்டே இருக்கும். இரும்பு மங்கலான சிவப்பில் இருக்கும்போது ஒரு வேலை செய்யலாம். ஆரஞ்சு நிறத்துக்கு வந்தால் இன்னொரு வேலை. இரண்டு துண்டை அடித்தே ஒட்டவைக்க வேண்டுமானால் வெளுத்துப் போகும் அளவுக்குக் காய்ச்ச வேண்டும். அதற்கு மேல் ஒரு நொடி விட்டாலும் பொறி பறந்து இரும்பு எரிந்துவிடும். இதைத் தெர்மாமீட்டர் வைத்துச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஒருவர் பக்கத்தில் நின்று "இப்போ" என்று சொல்ல வேண்டும். பிலிப்புக்கு அப்படிச் சொன்னவர் பீட்டர்.

பிலிப் தொழில் கற்ற காலத்திலேயே குதிரை வண்டி போய் மோட்டார் வந்துவிட்டது. லாடமும் வண்டிப் பட்டையும் அடித்துப் பிழைத்த பட்டறைகள் மூடிக்கொண்டே வந்தன. 1938 வாக்கில் இவர் அலங்கார இரும்பு வேலைக்குத் திரும்பினார். கிங் தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஜாக் க்ராசெக் ஒரு இரும்பு கேட் வேண்டும் என்றபோது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புது இரும்பு கிடைக்காததால், பழைய இரும்பிலேயே செய்து கொடுத்திருக்கிறார். அப்புறம் அந்த நகரம் முழுக்க கேட், கைப்பிடி, பால்கனி, ஜன்னல் கம்பி என்று 500-க்கும் மேலே. 1982-இல் தேசிய மரபுக் கலைஞர் விருதை முதன்முதலாகக் கொடுத்தபோது அந்த முதல் பட்டியலிலேயே இவர் இருந்தார். விருதுகளைப் பற்றி பாப்பா ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள், அதைப் பாதியாகக் குறைக்கலாம்.

இனித் தேடுவது எப்படி என்பதற்கு வருகிறேன். நீயும் கூட உட்கார வேண்டியிருக்கும்.

பிறப்புச் சான்றிதழைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தென் கரோலினாவில் மாநில அளவில் பிறப்பைப் பதிய ஆரம்பித்ததே 1915-இல்தான். அவர் பிறந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆரம்பியுங்கள். 72 வருஷம் கழித்துத்தான் அதை வெளியிடுவார்கள். 1950-ஆம் வருஷத்துத் தாள் 2022 ஏப்ரலில் வெளியானது, இப்போதைக்கு அதுதான் கடைசி. அதிலிருந்து பின்னால் நடந்து போங்கள்.

1940 தாளில் கவனம் வேண்டும். வருமானக் கட்டத்தில் கூலியும் சம்பளமும் மட்டும்தான் எழுதுவார்கள். சொந்தப் பட்டறை வைத்திருக்கும் கொல்லருக்கு அங்கே பூஜ்யம் இருக்கும். அதைப் பார்த்து ஒன்றும் சம்பாதிக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. அடுத்த கட்டத்தில், 50 டாலருக்கு மேல் வேறு வருமானம் உண்டா என்ற கேள்விக்கு என்ன பதில் என்று பார்க்க வேண்டும். தொழிலாளிகளைத் தேடுகிற பலரும் இங்கேதான் தவறாகப் படிக்கிறார்கள். அதே தாளில், வீட்டில் யார் விவரம் சொன்னார்களோ அவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். வயதும் படிப்பும் மாறிமாறி வந்தால், சொன்னது யார் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அதே 1940-இல் அக்டோபர் 16 அன்று, 21 முதல் 35 வயது வரை உள்ள ஆண்கள் எல்லோரும் ராணுவப் பதிவுக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. பிலிப்புக்கு அப்போது 28 வயது. அந்த அட்டையில் பிறந்த தேதி, ஊர், யாரிடம் வேலை என்பதோடு, "உங்கள் முகவரி எப்போதும் தெரிந்திருக்கும் ஒருவர்" என்று ஒரு பெயர் கேட்டிருப்பார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும். அவர் 1936-இல் கல்யாணம் செய்த எர்த்தா, மூன்று குழந்தைகளை விட்டுவிட்டுச் சில வருஷத்திலேயே இறந்துபோனாள். அந்தக் காலகட்டத்தில் அவர் யாரை நம்பி இருந்தார் என்பது அந்த வரியில் தெரியும்.

1920-ஆம் வருஷத்துத் தாளுக்கு இரண்டு இடத்தில் தேடுங்கள். அந்த ஜனவரியில் அவருக்கு ஏழு வயது. தீவில் இருந்தால் பெர்க்லி கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), நகரத்துக்கு வந்திருந்தால் சார்ல்ஸ்டன் கவுண்டி. தாத்தா வீட்டுப் பிள்ளை என்பதால் "பேரன்" என்று இருக்கலாம்; இப்படி வளரும் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் குடும்பப் பெயரையே போட்டுவிடுவதும் உண்டு. இன்னொன்று, பெர்க்லி தனிக் கவுண்டியானதே 1882-இல். தாத்தாவின் தலைமுறையை 1870-லும் 1880-லும் தேடும்போது சார்ல்ஸ்டன் கணக்கில்தான் பார்க்க வேண்டும். 1890 கணக்கு தீ விபத்தில் பெரும்பாலும் போய்விட்டது. 1880-க்கும் 1900-க்கும் நடுவில் இருபது வருஷம் வெறுமையாக இருப்பதற்குப் பாப்பா காரணம் இல்லை, கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

1870-க்கு முன்னால் போகும்போது பாப்பாவோடு நீ பக்கத்தில் இரு. விடுதலையான கறுப்பின மக்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கணக்கெடுத்தது அந்த வருஷம்தான் முதல் தடவை. அதற்கு முன்னால், 1850-லும் 1860-லும், எஜமானின் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், இவ்வளவுதான். பெயர்க் கட்டமே கிடையாது. கை சிம்மன்ஸ் அங்கே இருந்தால் ஒரு எண்ணாகத்தான் இருப்பார். ஆனால் தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு தடம் உண்டு. எஜமான் செத்தால் அவருடைய சொத்துப் பட்டியல் எழுதுவார்கள். அதில் அடிமைகளின் பெயர் வரும், சிலருக்குப் பக்கத்தில் "கொல்லர்", "தச்சர்" என்று தொழில் வரும், அதற்குப் பக்கத்தில் விலை வரும். தொழில் தெரிந்த ஆளுக்கு விலை அதிகம். சில பட்டியலில் அடுத்த வரியிலேயே பட்டடைக்கல்லும் துருத்தியும் இருக்கும், அவற்றுக்கும் விலையோடு. இதைப் படித்தால் வயிறு கலங்கும். ஆனாலும் மறைக்காதே. ஒரு மனிதனைக் கண்டுபிடிக்க அவன் தொழில்தான் வழி காட்டுகிறது என்றால், அந்தத் தொழிலையும் வம்சாவளியில் எழுதத்தான் வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1865 முதல் 1874 வரை நடந்த விடுதலையானோர் சேமிப்பு வங்கிக்குச் சார்ல்ஸ்டனிலும் கிளை இருந்தது. கணக்கு ஆரம்பித்தவர்களிடம் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் பெயரெல்லாம் கேட்டு எழுதினார்கள். எங்கெங்கோ விற்கப்பட்டுப் பிரிந்துபோனவர்களின் பெயர்கூடச் சில பதிவுகளில் உண்டு. சிம்மன்ஸ் என்று அங்கே நிறைய வரும். வருகிற எல்லோரையும் எடுத்துப் படத்தில் ஒட்ட வேண்டாம். வயது, பெற்றோர், தொழில் மூன்றும் பொருந்தினால் மட்டும் பென்சிலால் எழுதச் சொல்.

அடுத்து ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். முதலில் ப்ளேக் தெரு 30½. பிலிப்பின் வீடும் பட்டறையும் அங்கேதான், இப்போது நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். பிறகு ஆன்சன் தெருவில் அவர் போய்வந்த செயின்ட் ஜான்ஸ் தேவாலயத் தோட்டம். அங்கே இதய வடிவம் வைத்த கேட் இருக்கிறது. கடைசியாக ஈஸ்ட் பே தெருவில் கேட்ஸ்டன் வீட்டுப் பாம்பு கேட். போன தடவை அங்கே வந்தபோது அதன் முன்னால் நான் நின்ற நேரத்தில் நீ இரண்டு தடவை ஹாரன் அடித்தாய். அந்தச் சுருண்ட பாம்புக்குக் கண் வைப்பதுதான் தனக்குச் சிரமமாக இருந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். முதலில் செய்தபோது செத்த பாம்பு மாதிரி இருந்ததாம், திரும்பத் திரும்பச் செய்து பார்த்து உயிர் கொண்டுவந்திருக்கிறார். கம்பியைத் தட்டி மெலிதாக்கிச் சுருட்டின இடங்களைப் பாப்பா விரலால் தடவிப் பார்க்கட்டும். எங்கேயும் கோணல் தட்டுப்படாது.

"என்னை மிதிக்காதே" என்ற வாசகத்தோடு பாம்பு போட்ட கொடியைப் பார்த்திருப்பாயே, அது அமெரிக்க விடுதலைப் போர்த் தளபதி கிறிஸ்டோபர் கேட்ஸ்டனுடையது. அதனால்தான் அந்தக் கேட்டில் பாம்பு. அதே கேட்ஸ்டன் கட்டிய கப்பல் துறையில்தான் 1806 முதல் 1808 வரை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்கள் ஆட்களை இறக்கின. அங்கேயிருந்து அந்தத் துறை நடக்கிற தூரம்தான். 2023-இல் அதே இடத்தில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தார்கள். அதற்குள் குடும்ப வரலாற்று மையம் இருக்கிறது. இந்தத் தேடலுக்கு உதவுவதுதான் அவர்கள் வேலை. பாப்பா தன் படத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் கேட்கட்டும். கூச்சப்பட்டால் நீ பேசு.

படத்தைத் திரும்ப வரையும்போது இரண்டு நிறம் வைத்துக்கொள்ளச் சொல். பெற்றோர், தாத்தா பாட்டிக்கு ஒரு நிறம். தொழிலுக்கு வேறு நிறம். கை சிம்மன்ஸும் பீட்டரும் இரண்டாவது நிறத்தில் பிலிப்புக்கு மேலே வரட்டும். கீழேயும் அந்த நிறம் தொடரும். அவர் உறவுக்காரர்களே இரண்டு பேர் அவரிடம் பழகி அந்தப் பட்டறையை நடத்தினார்கள்.

1950 தாள் கிடைத்தால் அவருடைய வரியை மட்டும் வெட்டி அனுப்பாதே. முழுத் தாளையும் அனுப்பு. மேலும் கீழும் யார் குடியிருந்தார்கள், அவர்களுக்கு என்ன தொழில் என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா