மகளுக்கு, தெல்லிப்பழை வீடு பற்றி

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்குப் பிறகு நீ என்னோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை. நான் எடுத்தால் "வேலையில் நிற்கிறேன் அப்பா, பிறகு எடுக்கிறேன்" என்கிறாய். பிறகு சின்னவன் எடுத்து "அம்மப்பா சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான். அவன் தமிழ் கதைப்பது சந்தோஷம்தான், ஆனால் அவனை முன்னால் விட்டுவிட்டு நீ பின்னால் நிற்பது எனக்குத் தெரியாதா. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் பேனை பிடித்த கைக்கு அந்தச் சின்னக் கண்ணாடியில் தட்ட வராது.

நான் சுகம். சீனி கொஞ்சம் கூட, குளிசை மாற்றித் தந்திருக்கிறார்கள். கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை நன்றாகப் பூத்தது, பனியில் பாதி கொட்டிவிட்டது. தம்பி கனடாவிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை எடுக்கிறான், எடுத்தால் வளவை விற்போம் என்ற ஒரே கதைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மா வீட்டுக் கண்ணனை நீ ஒன்றும் சொல்லக்கூடாது. அவன் கோள் சொல்லவில்லை, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். உனக்கு அங்கத்தைய பெனிபிட் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றான், நாலு மாத வங்கிக் கணக்கும் வேறு விபரங்களும் கேட்டிருக்கிறார்களாம், நீ இரண்டு கிழமையாக நித்திரை கொள்ளவில்லையாம். பெரியம்மா வீட்டுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது.

அந்தப் பெனிபிட் எடுக்கும்போது வேறு வீடு, காணி, சொத்து உண்டா என்று ஒரு கேள்வி இருந்திருக்குமே. நீ அதில் என்ன போட்டாய் என்று நான் கேட்கவில்லை, நீ எனக்குச் சொல்லவும் வேண்டாம். இரண்டு பிள்ளைகளோடு அந்த மனுஷன் உன்னை விட்டுப் போன மாதத்தில், ஹரோவில் அந்த வாடகையையும் வைத்துக்கொண்டு, இரவு இரண்டு மணிக்குப் போனில் படிவம் நிரப்புகிறவளுக்குத் தெல்லிப்பழையில் இருக்கிற ஓட்டு வீட்டில் பாதி தன்னுடையது என்று நினைவு வருமா? வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். உன்னைக் கேட்டால் "அது அப்பாவின் வீடு" என்றுதான் சொல்லுவாய். ஆனால் காணி உறுதியில் அப்படி இல்லை, பிள்ளை. 2016இல் தம்பியின் கலியாணத்துக்கு வந்தபோது நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போனேனே, பெரியவள் பெருவிரல் மையைச் சட்டையில் பூசிவிட்டு அழுதாளே, அன்றைக்கு நீயும் தம்பியும் கையெழுத்து வைத்தது நன்கொடை உறுதி. வாசித்துப் பார் என்றேன். "நீங்கள் சொன்னால் சரிதானே அப்பா" என்று வைத்தாய். சீவிய உரித்தை உங்கள் பேரில் எடுத்து வையுங்கள் ஐயா, சாகும்வரை பாதுகாப்பு என்று நொத்தாரிசு மூன்று தரம் சொன்னார். பிள்ளைகளிடம் எனக்கு என்ன உரித்து என்று பெருமையாக மறுத்துவிட்டேன். வைத்திருந்தால் உன் பங்கின் பெறுமதியாவது குறைந்திருக்கும்.

கண்ணனிடம் கேட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ எடுக்கிற இந்த யூனிவர்சல் கிரெடிட் பெனிபிட்டில் 16,000 பவுணுக்கு மேல் சேமிப்போ சொத்தோ இருந்தால் ஒன்றும் கிடையாதாம். 6,000க்குக் கீழே என்றால் கவலை இல்லை. நடுவில் இருந்தால் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் வருமானம் வருவதாக எடுத்துக் கழிப்பார்களாம். வெளிநாட்டுச் சொத்தும் கணக்குத்தான். எங்கள் வளவு பத்துப் பரப்பு. ஒழுங்கையில் இப்போது பரப்புக்குப் பத்து இலட்சம் கேட்கிறார்கள், வீட்டை நாற்பது என்று போட்டால் எல்லாமாக ஒரு கோடி நாற்பது இலட்சம். உன் பாதி எழுபது. பவுணுக்கு 400 ரூபாய் என்று வைத்தால் 17,500 பவுண், விற்கிற செலவுக்கென்று பத்து வீதம் கழித்தால் 15,750. பார்த்தாயா, கோட்டுக்கு 250 பவுண் கீழே. அப்படியும் மாதம் 169 பவுண் 65 பென்ஸ் போகும். இதை எழுதிவிட்டு நான் அன்று சாப்பிடவில்லை.

ஆனால் அதற்குள்ளே ஒரு வழி இருக்கிறது, கேள். அந்த வீட்டில் நெருங்கிய உறவினர் ஒருவர் தன் வீடாகக் குடியிருந்து, அவர் பென்சன் வயதைத் தாண்டியவர் என்றால், அந்த வீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டார்களாம். தகப்பன் நெருங்கிய உறவுதானே! அங்கே பென்சன் வயது 66, இப்போது 67 ஆக்குகிறார்களாம், எனக்கு 78. நான் இந்தச் சாய்மனைக் கதிரையில் கிடக்கிற வரைக்கும் உன் பங்கு அவர்களுக்குப் பூச்சியம். அப்படியென்றால் நீ திருப்பிக் கட்டவேண்டிய கடனே இல்லாமலும் இருக்கலாம். சொல்லாமல் விட்டதற்கு 50 பவுண் தண்டம் போடக்கூடும், போட்டால் போடட்டும், நான் அனுப்புகிறேன், சிரிக்காதே. ஆனால் நீயாகச் சொல்லவேண்டும். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்டுப் பிறகு சொல்லுவது வேறு, நீயாக முன்னுக்குச் சொல்லுவது வேறு. மேசைக்கு மற்றப் பக்கம் இருந்தவன் சொல்லுகிறேன், தானாக வந்து "ஐயா பிழை விட்டுவிட்டேன்" என்கிறவனின் கோவையை நாங்கள் வேறு மாதிரித்தான் திறப்போம்.

அந்த இணையக் கணக்கில் ஜேர்னல் என்று ஒன்று இருக்கிறதாமே, அதில் நாலே வரி எழுது. இந்த இடத்தில் இப்படி ஒரு வீடு, பாதி என்னுடையது, இந்தத் திகதியிலிருந்து, தகப்பன் குடியிருக்கிறார், வயது இது. அழுது கதை எழுதாதே. எழுதுமுன் சிற்றிசன்ஸ் அட்வைஸ் ஆலோசனை நிலையத்தில் போய் ஒருவரிடம் காட்டு, காசு எடுக்கமாட்டார்களாம். கண்ணன் கூட வருவான். கண்ணன் சொன்னதையோ நான் எழுதுவதையோ மட்டும் வைத்துச் செய்யாதே, நான் கச்சேரிக் கிளாக்கர், லண்டன் கிளாக்கர் இல்லை.

இன்னொன்று. உன் பேரை வெட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்று நானும் முதலில் நினைத்து நொத்தாரிசிடம் போனேன். ஒரு கிழமையில் எழுதலாம் என்றார். கண்ணன்தான் வேண்டாம் என்று கத்தினான். பெனிபிட்டுக்காக எழுதிக் கொடுத்ததாக அவர்கள் எடுத்தால், பங்கு இன்னும் உன் கையில் இருக்கிறது என்றே கணக்குப் போடுவார்களாம். அப்போது பங்கும் போய் காசும் போய் நிற்பாய். தம்பி ஏதாவது காகிதம் அனுப்பினால் கையெழுத்து வைக்காதே. அவன் தன் பாதியை விற்பதென்றால் எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி முதலில் பங்காளியான உன்னிடம் கேட்கவேண்டும், அது அவனுக்கும் தெரியும். அவனில் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு அங்கே வீட்டுக் கடன். ஆனால் நான் இருக்கும்வரை விற்பனை இல்லை என்று சொல்லிவிட்டேன். போன பிறகு விற்றுப் பிரியுங்கள். அன்றைக்கு உன் பங்கு கணக்கில் வரும், அதையும் அன்றே சொல், ஒளிக்காதே.

நீயாகச் சொல். இதை எத்தனை தரம் எழுதினேன் என்று பார்த்தேன், பரவாயில்லை, இன்னொரு தரம்.

ஆ, அந்த ஐந்து மாதத்தை மறக்கப் பார்த்தேன். 2022இல், அம்மா போன பிறகு, பெற்றோல் வரிசையும் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டுமாக இருந்த நேரம், நான் வவுனியாவில் சின்னம்மா வீட்டில் போய் இருந்தேனே. அப்போது வீட்டை ஆஸ்பத்திரி நேர்ஸ் பிள்ளைக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். அந்த வாடகையை நான்தான் எடுத்தேன், நீ ஒரு சதம் காணவில்லை, அதற்கு மேலே நீதான் எனக்கு மாதாமாதம் அனுப்பினாய். எப்படி அனுப்பினாய் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அந்த ஐந்து மாதத்தில் நான் வீட்டில் இருந்தவனா இல்லாதவனா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். திகதிகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இதை விட்டுவிடலாம், யாருக்குத் தெரியும் என்று கண்ணன்கூடச் சொன்னான். நானும் ஒரு நாள் முழுக்க விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு விடமுடியவில்லை. ஏன் என்று சொல்லுகிறேன், இது உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

1990இல் விட்டுவிட்டு ஓடிய வீட்டை 2011இல் வந்து பார்த்தபோது என்ன இருந்தது என்று உனக்குப் படம் அனுப்பினேன். ஓடு இல்லை, நிலை கதவு இல்லை, சாமியறைக்குள் ஆலமரம். அப்புறம் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம், கட்டக் கட்டக் கணக்கில் போடுவார்கள். படிவத்தில் ஒரு கேள்வி, வேறு வீடு உண்டா என்று. கோண்டாவில் வீட்டில் பாதி என் பேரில் இருந்தது, உன் மாமியோடு பங்கு. இருபது வருஷம் அதற்குள்தானே இருந்தோம், நீ வளர்ந்ததே அங்கேதான். நான் "இல்லை" என்று எழுதினேன். கை நடுங்கவில்லை. ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன், எந்தக் கட்டத்தை யார் பார்ப்பார்கள், யார் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தவன். அது மாமியின் வீடு, சும்மா ஒரு பேர்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீ உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடிய அதே வசனம்.

பட்டியலைக் கிராம சேவகர் கந்தோர்ச் சுவரில் ஒட்டினார்கள். என் பேர் இருந்தது. பின் ஒழுங்கையில் உன் அம்மாவிடம் தையல் பழக வந்தாளே, அவளுடைய பேர் இல்லை. புருஷன் எங்கே என்று தெரியாது, இரண்டு பிள்ளைகள். சுவருக்குக் கிட்டப் போய் விரலை வைத்து மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு வந்திருக்கு, சந்தோஷம்" என்றாள். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று கீழே போட்டிருந்தது. அந்த ஆட்சேபத்தை அவளுக்கு எழுதிக் கொடுக்கக்கூடிய ஆள் ஊரில் நான்தான். நான் எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று மாரி அவள் தகரத்துக்குள் இருந்தாள். பெரிய மழைக்கு அந்தச் சத்தம் என் புது ஓட்டு வீட்டுக்குள் கேட்கும். அடுத்த பட்டியல் ஒன்றில் அவளுக்கும் கிடைத்தது, இல்லை என்றில்லை. இப்போதும் முருங்கைக் கீரை ஒடித்துக்கொண்டு வந்து படலையில் கொழுவிவிட்டுப் போகிறாள். கோண்டாவில் பங்கைப் பிறகு மாமிக்கே எழுதிக் கொடுத்தேன், ஆனால் அது எழுதிய "இல்லை"யை அழிக்கவில்லை.

அந்த ஐந்தரை இலட்சம் போதாமல் நீதான் நிலத்துக்கும் கக்கூசுக்கும் அனுப்பினாய், கடையில் தட்டு அடுக்கிய காசில். அந்த நிலத்தில்தான் இப்போது கால் வைத்திருக்கிறேன். அப்படிக் கட்டிய வீட்டைத்தான் உனக்குப் பாதியும் தம்பிக்குப் பாதியும் என்று பெருமையாக எழுதித் தந்தேன். அதுதான் இப்போது உன் நித்திரையைக் கெடுக்கிறது. நான் உன்னை ஏசலாம் என்றுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

வதிவிட அத்தாட்சி எடுக்க நேற்றுக் கிராம சேவகரிடம் போனேன், உன் பதிலோடு சேர்த்து அனுப்ப உதவும். நல்ல பெடியன், அங்கேயே எழுதித் தந்தான். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டு வாசித்தால் "தனது சொந்த வீட்டில் வசித்து வருகிறார்" என்று இருக்கிறது. திரும்பப் போய் அது சரியில்லை, மகளுக்கும் மகனுக்கும் உரித்தான வீட்டில் என்று எழுதும் என்றேன். "இதெல்லாம் யார் ஐயா பார்க்கப் போகிறார்கள்" என்று சிரிக்கிறான். முத்திரைக் கடதாசி முடிந்துவிட்டதாம், செவ்வாய்க்கிழமை வரச் சொன்னான். செவ்வாய் பின்னேரம் படம் பிடித்து அனுப்புகிறேன். அதுவரைக்கும் ஜேர்னலில் எழுதாமல் காத்திருக்காதே, முதலில் எழுது, அத்தாட்சி பிறகு வருகிறது என்று சொல்.

இன்றிரவு எடு. சின்னவனைக் கொடுக்காதே, நீயே கதை.

அன்புடன்,
அப்பா