டேப் வைத்து அளக்க ஒருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் துடுப்புப் படகு வீராங்கனை ஹெலன் குளோவரைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாரோ கத்தரித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். படகில் ஏறுவதற்கு முன்னால் அவரும் என்னைப்போல் உடற்கல்வி ஆசிரியைதான் என்பதால் என்னைப் பார்த்து ஒரு சின்ன கிண்டல். கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அவர் ஜெயித்ததெல்லாம் விதியின் விளையாட்டு என்பதுபோல் முடித்திருந்தீர்கள். அது மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

நடந்தது வேறு. லண்டன் ஒலிம்பிக்குக்கு ஐந்து ஆண்டு இருக்கும்போது, 2007-இல், அந்த நாட்டில் 'ஸ்போர்ட்டிங் ஜயன்ட்ஸ்' என்று ஒரு தேர்வு அறிவித்தார்கள். வயது 16 முதல் 25 வரை. பெண் என்றால் 5 அடி 11 அங்குலம் இருக்க வேண்டும். துடுப்புப் படகு, ஹேண்ட்பால், வாலிபால் ஆகிய மூன்றுக்கும் ஆள் தேடினார்கள். துடுப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களும் வரலாம். குளோவர் கொஞ்சம் உயரம் குறைவு. அளக்கும்போது குதிகாலைத் தூக்கி நின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். 2008-இல் படகில் உட்கார்ந்தார், அப்போது வயது 21. 2012-இல் ஹீதர் ஸ்டானிங்கோடு சேர்ந்து தங்கம். பிரிட்டனின் பெண்களுக்குத் துடுப்புப் படகில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கமே அதுதான். 2016-இல் ரியோவிலும் அதே ஜோடிக்குத் தங்கம். பிறகு மூன்று குழந்தைகள் பெற்று, ஊரடங்கு நாட்களில் வீட்டிலேயே மெஷினில் வலித்துப் பழகி, டோக்கியோவில் நான்காம் இடம். 2024 பாரிஸில் நால்வர் படகில் வெள்ளி. தங்கம் நெதர்லாந்துக்குப் போனது நூலிழையில்தான். அப்போது அவருக்கு 38 வயது.

இதில் விதி எங்கே இருக்கிறது? யாரோ ஒருவர் டேப்பை எடுத்து அளந்தார். அதுதான் விஷயம்.

எங்கள் வடசென்னைப் பக்கத்துப் பிள்ளைகள் அளக்கும்போது என்ன செய்வார்கள் தெரியுமா? பள்ளியில் வருடா வருடம் உயரம், எடை குறிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பிலேயே 172 சென்டிமீட்டர் வந்துவிட்ட ஒரு பிள்ளை, சுவரில் சாய்ந்து நிற்கும்போது பாவாடைக்குள் முழங்காலை லேசாக மடக்கிக்கொள்வாள். நான் குனிந்து முட்டியில் தட்டினால்தான் நிமிர்வாள். குரூப் போட்டோவிலும் அதே மடக்கல். வீட்டில் "இவளுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது" என்ற பேச்சு அதற்குள் ஆரம்பித்திருக்கும். அந்தப் பிள்ளை நின்ற இடத்திலிருந்து தாண்டினால் இரண்டு மீட்டர் அலட்சியமாகப் போவாள். வாலிபால் டீமில் சேர்த்தேன். பிளஸ் டூ முடிந்ததும் விளையாட்டும் முடிந்தது. இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். இப்படி எத்தனை பேர்!

மேடையில் பேசுகிறவர்கள், காசிமேட்டுப் பெண்ணுக்குத் துடுப்பு ரத்தத்திலேயே இருக்கிறது என்பார்கள். கைதட்டல் வரும், அவ்வளவுதான். நான் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீடுகளில் பெண் பிள்ளையைப் படகில் ஏற்ற மாட்டார்கள். ஏறுகிற ஆண்களும் இப்போது எஞ்சினைத்தான் இழுத்து முடுக்குகிறார்கள். அப்புறம், பந்தயப் படகில் வலிப்பது வேறு வித்தை. முதுகு போகிற திசைக்கு, முகம் புறப்பட்ட இடத்துக்கு. உட்காரும் பலகைக்கு அடியில் சக்கரம். தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். பாதங்களைப் படகோடு பிணைத்த ஷூவுக்குள் வைத்து, முதலில் காலால் உதைக்க வேண்டும், பிறகு முதுகு சாயும், கடைசியில்தான் கை இழுக்கும். பாதிக்கு மேல் பலம் தொடையிலிருந்து வருகிறது. குளோவர் ஜெயித்த இருவர் படகில் ஆளுக்கு ஒரே துடுப்பு, ஒருத்திக்கு இந்தப் பக்கம், இன்னொருத்திக்கு அந்தப் பக்கம். ஒருத்தி கூடுதலாக உதைத்தால் படகு திரும்பிவிடும். சுக்கான் பிடிக்கத் தனி ஆள் கிடையாது. இருவரில் ஒருத்தி சுக்கானோடு இணைத்த ஷூவைத் திருப்பித்தான் வழி சரிசெய்ய வேண்டும். இப்படியே 2,000 மீட்டர். இதற்குக் கடலோரத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. கபடி ஆடிய கால் இருந்தால் போதும். அது எங்களிடம் நிறையவே இருக்கிறது.

நம் நாட்டு ஆண்கள் கதையும் இதேதான். தத்து போகனல் என்பவர் மகாராஷ்டிரத்தில் தண்ணீருக்கே தவிக்கும் ஊர்க்காரர். ராணுவத்தில் சேர்ந்தார், உயரத்தைப் பார்த்துப் படகில் உட்கார வைத்தார்கள், 2016 ரியோவுக்கே போய்விட்டார். 2010 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற பஜ்ரங் லால் தாக்கரும் ராஜஸ்தானிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்தான். ஆணுக்கு டேப் பிடிக்க ராணுவம் இருக்கிறது. பெண்ணுக்கு? அதே 2010-இல் ஒடிசாவின் பிரதிமா புஹானாவும் பிரமிளா பிரவா மின்ஸும் இருவர் படகில் வெண்கலம் வாங்கினார்கள். ஆனால் 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா துடுப்புப் படகில் வாங்கிய ஐந்து பதக்கங்களும் ஆண்களுடையவை.

தண்ணீர் எங்கே என்று கேட்பீர்கள். எண்ணூர் கழிமுகத்தைச் சொல்லாதீர்கள். சாம்பல் படிந்து பல வருடமாகிறது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் வந்து படர்ந்தபோது படகுகளின் விளிம்பெல்லாம் கறுத்துக் கிடந்ததைப் பார்த்தவள் நான். அதைச் சுத்தம் பண்ணுவது தனிப் போராட்டம், அதோடு இதை முடிச்சுப் போட வேண்டாம். அடையாற்றில் 1867-லிருந்து படகு கிளப் இருக்கிறது. அங்கே போக, காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேராக நந்தனத்தில் இறங்கலாம். தூரம் ஒரு சாக்கே இல்லை. இன்னொன்று, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கடற்கரைத் துடுப்புப் போட்டியும் வருகிறது. மணலில் ஓடிப்போய்ப் படகில் ஏறி, அலையைத் தாண்டி மிதவைகளைச் சுற்றி வந்து, குதித்து இறங்கி மறுபடி மணலில் ஓட வேண்டும். எங்கள் கரையைக் கடல் தின்று கல் கொட்டியிருக்கிறார்கள் என்றாலும், கடலுக்குள் நீட்டிக் கல் போட்ட தூண்டில் வளைவுகளுக்கு நடுவே அங்கங்கே மணல் சேர்ந்திருக்கிறது.

ஆனால் ஆரம்பிக்கத் தண்ணீரே வேண்டாம். ஜிம்முக்குப் போகிற யாரைக் கேட்டாலும், தரையிலேயே உட்கார்ந்து துடுப்பு வலிப்பதுபோல் இழுக்கிற ரோயிங் மெஷினைச் சொல்வார்கள். உலகம் முழுக்க ஆள் எடுக்கும்போது அதில் 2,000 மீட்டர் வலிக்க வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு வகுப்பறையில் நான்கைப் போட்டுவிடலாம். புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா, ஆட்டோ ஓட்டுபவரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாள் என்றால், தெருவுக்கு நான்கு வீட்டில் கேரம் போர்டு இருக்கும் ஊர் இது. சாமான் கண்ணில் பட்டால்தானே பிள்ளை கை வைக்கும்?

எங்கள் விளையாட்டு விடுதித் தேர்வுகள் பெரும்பாலும் சின்ன வயதிலேயே முடிந்துவிடுகின்றன. பதினெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்து "லேட்டாகிவிட்டதே அம்மா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் சலித்துவிட்டது. துடுப்புப் படகில் அப்படிச் சொல்லத் தேவையில்லை. கல்லூரி முதல் வருடப் பிள்ளையை, பில் போடுகிற பிள்ளையைக்கூட, கூப்பிடலாம்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வடசென்னையில் ஒரு சனிக்கிழமை காலை உயரமான பெண்களுக்கென்று ஒரு தேர்வு நடத்தட்டும். 25 வயது வரை வரலாம் என்று உங்கள் நாளிதழிலேயே விளம்பரம் போடட்டும். தலைமையாசிரியையிடம் மைதானத்துக்கு அனுமதி நான் வாங்கித் தருகிறேன். 170 சென்டிமீட்டருக்கு மேல் இருந்த என் பழைய மாணவிகளின் பெயர்கள் உயர-எடைப் பதிவேட்டில் இருக்கின்றன, பாதிப் பேரின் போன் நம்பர்கூட என்னிடம் இருக்கிறது. டீ, பிஸ்கட் செலவும் என்னுடையது.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்.